மழை கொணரும் கூழைக்கடா
(போக்கெமான் போட்டி ஆட்டத்தில் வானிலை அமைக்கும் துணைவனின் பங்கு)

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

மழையின் அருமையைச் சேத்தூர்க்காரர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நமக்கு மேற்கே மலை நிற்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகங்கள் பெரும்பாலும் மலைக்கு அப்பால் கேரளத்திலேயே பொழிந்துவிடுகின்றன. நம் பக்கம் வருவது காற்றும் கொஞ்சம் சாரலும்தாம். கண்மாய் பெருகுவதற்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்கிறோம். அப்படிக் காத்திருந்து மழை வந்தாலும், கண்மாய் தூர் வாரப்படாமலும் மடை பழுதுபட்டும் கிடந்தால் வந்த நீர் தங்காது. மழை வருவது ஒன்று, வந்த மழையைப் பயன்படுத்துவது மற்றொன்று.

இந்த உண்மையை ஒரு விளையாட்டிலும் காணலாம் என்றால் சிலர் வியப்படையலாம். 'போக்கெமான்' என்ற பெயரைக் கேட்டதும் தங்கை, தம்பியர் தொலைக்காட்சியில் பார்க்கும் மஞ்சள் நிறப் பிகாச்சுவே பெற்றோர்களின் நினைவுக்கு வரும். அது சிறுபிள்ளை விளையாட்டுத்தானே என்று கேட்பார்கள். ஆனால் அதன் போட்டி ஆட்டம் சதுரங்கத்தைப் போலச் சிந்தனைக்கு வேலை தருவது. அதில் வானிலையை மாற்றித் தன் குழுவுக்கு உதவும் துணைவன் ஒருவன் உண்டு. அவனைக் கையாளும் முறையையும், அதிலிருந்து நாம் கற்கத்தக்க ஒரு பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டத்தின் அமைப்பு

போக்கெமான் விளையாட்டு 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடிப்பதில் ஆர்வம் கொண்டிருந்த சத்தோஷி தஜிரி என்பவரே இதைத் தோற்றுவித்தவர். 'பாக்கெட்', 'மான்ஸ்டர்' என்னும் இரு சொற்களின் சுருக்கமே 'போக்கெமான்'.

போட்டி ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஆறு உயிரினங்களைக் கொண்டு செல்ல வேண்டும். எதிராளியின் ஆறையும் பார்த்த பின், தம் ஆறில் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் ஒரே நேரத்தில் இருவர் நிற்பர், மற்ற இருவர் பின்னே காத்திருப்பர். ஒவ்வொரு சுற்றிலும் இரு ஆட்டக்காரர்களும் தத்தம் முடிவை மறைவாகத் தேர்ந்தெடுப்பர். பிறகு வேகம் மிக்கது முதலில் செயல்படும். தாக்குவதற்குப் பதிலாக ஒருவரைப் பின்னே அழைத்துக் காத்திருப்பவரை இறக்கலாம். அந்த மாற்றம் தாக்குதல்களுக்கு முன்பே நடந்துவிடும். எதிராளியின் நால்வரும் மயங்கி விழுந்தால் வெற்றி. இவ்வாட்டத்தில் தோற்ற உயிரினம் மயங்குமேயன்றி மடிவதில்லை என்பதைப் பெரியோர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

நீர், நெருப்பு, புல், மின்சாரம், நிலம், பாறை என்று மொத்தம் 18 இனங்கள் உள்ளன. நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும். ஒவ்வோர் உயிரினத்துக்கும் நான்கு வித்தைகளும், பிறவி இயல்பு ஒன்றும், கையில் வைத்துக்கொள்ளும் பொருள் ஒன்றும் உண்டு. இவற்றின் பெயர்கள் ஆங்கிலத்தில் உள்ளமையால், தோழியர் எளிதில் அறியத் தமிழில் பெயரிட்டு எழுதுகிறேன்.

மழையின் கணக்கு

ஆட்டக்களத்தில் வெயில், மழை, மணற்புயல், பனி என நான்கு வானிலைகள் ஏற்படலாம். 1999ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் தலைமுறை ஆட்டத்தில்தான் வானிலை முதன்முதலில் புகுந்தது. மழை பெய்யும்போது நிகழும் மாற்றங்களைக் கணக்காகவே பார்க்கலாம்.

முதலாவது, நீர்த் தாக்குதலின் வலிமை ஒன்றரை மடங்காகும். நெருப்புத் தாக்குதலின் வலிமை பாதியாகும். வெறும் வானத்தின் கீழ் நீரும் நெருப்பும் தலைக்கு 80 புள்ளி சேதம் செய்வதாக வைத்துக்கொள்வோம். மழையில் நீர் 120 ஆகிறது, நெருப்பு 40 ஆகிறது. சமமாக இருந்த இரண்டில் ஒன்று மற்றதைப் போல் மூன்று மடங்காகிவிட்டது.

இரண்டாவது, 'இடி' என்னும் மின்சார வித்தை சாதாரணமாக 100க்கு 70 தடவைதான் குறி தவறாது படும். இருமுறை தொடர்ந்து படுவதற்கு வாய்ப்பு 100க்கு 49 மட்டுமே. மூன்று முறை தொடர்ந்து படுவதற்கு 34தான். மழையிலோ இடி தவறுவதே இல்லை. வெயிலில் அது 50 ஆகக் குறைந்துவிடும். 'சூறாவளி' என்னும் பறவை வித்தைக்கும் இதே கணக்குத்தான். நிகழ்தகவுப் பாடத்தில் சுண்டிவிடும் நாணயத்துக்குப் பதிலாக இதையே கணக்காகக் கொடுத்தால் வகுப்பில் எவரும் உறங்கமாட்டார்கள்!

மூன்றாவது, 'விரைநீச்சல்' என்னும் இயல்புடைய உயிரினங்களின் வேகம் மழையில் இரட்டிப்பாகும். வேகம் 100 உள்ளது 200 ஆகி, 150 உள்ள எதிரியை முந்திவிடும். முந்தி அடிப்பவருக்கே இவ்வாட்டத்தில் பெரும்பாலும் நன்மை.

ஒரேயொரு வானிலை மாற்றத்தால் வலிமை, குறி, வேகம் ஆகிய மூன்றும் மாறிவிடுகின்றன. ஆனால் மழை ஐந்து சுற்றுகளே நீடிக்கும். 'ஈரக்கல்' என்னும் பொருளை மழை கொணர்பவர் கையில் வைத்திருந்தால் எட்டுச் சுற்றுகள் நீடிக்கும்.

மழை கொணர்வோர்

2002ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் தலைமுறை ஆட்டத்தில் கியோகர், கிரவுடான் என்னும் இரு பேருயிர்கள் தோன்றின. கியோகர் கடலைப் பெருக்குவது; களத்தில் இறங்கிய மாத்திரத்தில் மழை பெய்யும். கிரவுடான் நிலத்தை விரிப்பது. அது வந்தால் வெயில் காயும். அக்காலத்தில் இவை வரவழைத்த வானிலை, வேறொரு வானிலை வந்து மாற்றும் வரை ஓயாது. கியோகரின் ஆறு திறன்களின் அடிப்படைப் புள்ளிகளைக் கூட்டினால் 670 வரும். மழையையும் கொணர்ந்து, அம்மழையில் தானே போரும் செய்யும் மாவீரன் அது.

2010ஆம் ஆண்டு பாலிட்டோட் என்னும் தவளைக்கும் மழை கொணரும் இயல்பு கிடைத்தது. தவளை கத்தினால் மழை வரும் என்பது நம் ஊர்ப் பேச்சு. அவ்வாறே அத்தவளையைக் கொண்டு ஓயாத மழைக் குழுக்களை அமைத்தனர். 2013ஆம் ஆண்டு விதி மாறியது. இயல்பால் வரும் மழைக்கும் ஐந்து சுற்று என்று எல்லை வகுக்கப்பட்டது. அன்றுமுதல்தான் மழையைச் சிக்கனமாகச் செலவிடும் கலை பிறந்தது எனலாம்.

நம் கட்டுரைத் தலைவனாகிய பெலிப்பர் ஒரு கூழைக்கடா. அதன் பெரிய அலகில் சிறிய உயிரினங்களையும் முட்டைகளையும் சுமந்து பறக்கும் என்பது கதை. 2002ஆம் ஆண்டிலேயே அது தோன்றிவிட்ட போதிலும், மழை கொணரும் 'தூறல்' என்னும் இயல்பை 2016ஆம் ஆண்டில்தான் பெற்றது. அதன் அடிப்படைப் புள்ளிகளின் கூட்டுத்தொகை 440 மட்டுமே. கியோகரோடு ஒப்பிட்டால் 230 குறைவு. ஆயினும் மழைக் குழு அமைப்போர் பலர் இப்பறவையை விரும்பி அழைக்கின்றனர்.

காரணம், அதனிடம் உள்ள மற்ற உதவிகள். 'பின்காற்று' என்னும் வித்தையால் நான்கு சுற்றுகளுக்குத் தன் குழுவின் வேகத்தை இரட்டிப்பாக்கும். 'அகலக் காப்பு' என்னும் வித்தையால் இருவர் மீதும் பரவிவரும் தாக்குதலைத் தடுத்துத் தோழனையும் காக்கும். மழையில் தவறாத சூறாவளியும் அதனிடம் உண்டு. இத்தனையும் பெரும்பாலும் பிறருக்காகவே.

உண்மையான கூழைக்கடாவைப் பார்க்க விரும்புவோர் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குச் செல்லலாம். அங்கே குளத்தில் நீர் இருக்கும் காலத்தில் கூழைக்கடாக்கள் ஊர் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் அவற்றைத் தம் விருந்தாளிகளாகப் போற்றிக் காக்கின்றனர். மழையும் நீரும் கூழைக்கடாவும் சேர்ந்தே வருவதைத் திருநெல்வேலி மாவட்டமே அறியும்.

மழைக்கு ஏற்ற தோழர்கள்

பெலிப்பரைக் குழுவில் சேர்த்துவிட்டால் போதும், வெற்றி நிச்சயம் என்று எண்ணுவது, கண்மாய் இல்லாத ஊரில் மழைக்குக் காத்திருப்பதைப் போன்றதாகும். மழையைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் உடன் இருக்க வேண்டும்.

கிங்டிரா என்னும் கடற்குதிரை விரைநீச்சல் உடையது. அதன் அடிப்படை வேகம் 85. மழையில் அதன் வேகம் இரட்டிப்பாவதுடன் நீர்த் தாக்குதலும் ஒன்றரை மடங்காகும். லுடிகோலோ நீரும் புல்லும் கலந்த இனம். அதுவும் விரைநீச்சல் உடையது. ஆர்ச்சலூடான் என்னும் பாலம் போன்ற உருவம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. அதன் 'மின்பாய்ச்சல்' வித்தைக்கு முதல் சுற்றில் ஆற்றலைத் திரட்டி, அடுத்த சுற்றில்தான் அடிக்க இயலும். மழை பெய்தால் அதே சுற்றில் திரட்டி அடித்துவிடும். அத்துடன் அதன் தாக்கும் திறனும் ஒரு படி உயரும். பெலிப்பரும் ஆர்ச்சலூடானும் சேர்ந்த இணை போட்டிகளில் பெயர் பெற்றதன் காரணம் இதுவே.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஆறு பேரும் மழையையே நம்பியிருந்தால், எதிராளி மழையை நிறுத்தியவுடன் ஆறு பேரும் ஒருசேர வலிமை இழப்பர். ஆகவே மழையில் சிறப்பவர் இருவர் அல்லது மூவர், எந்த வானிலையிலும் உழைப்பவர் இருவர் என்று கலந்து அமைப்பதே அறிவுடைமை. மானாவாரி நிலம் உள்ள விவசாயி ஒரு கிணறும் வெட்டி வைப்பதில்லையா?

மழை எல்லாருக்கும் பெய்யும்

மழை ஆள் பார்த்துப் பெய்வதில்லை என்பதை ஆண்டவரின் மலைப்பொழிவிலும் கேட்டிருக்கிறோம். இவ்வாட்டத்திலும் அப்படியே. நாம் கொணர்ந்த மழையில் எதிராளியின் நீர்த் தாக்குதலும் ஒன்றரை மடங்காகும். எதிராளியிடம் விரைநீச்சல் உடையது இருந்தால் அதன் வேகமும் இரட்டிப்பாகும். ஆதலால் எதிராளியின் ஆறு பேரைப் பார்க்கும்போதே, 'இம்மழையால் அதிகப் பயன் யாருக்கு?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பயன் அவருக்கே என்று தோன்றினால் பெலிப்பரை நால்வரில் சேர்க்காமல் விடுவதும் திறமையே.

மழைக்கு நேர் எதிரி டார்கோல் என்னும் ஆமை. அது வந்தால் வெயில் காயும். இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் இறங்கினால் என்ன ஆகும்? வேகம் மிக்கவரின் இயல்பு முதலில் செயல்படும், மெதுவானவரின் இயல்பு பின்னர் செயல்படும். கடைசியாக வந்த வானிலையே நிலைக்கும். பெலிப்பரின் அடிப்படை வேகம் 65, டார்கோலின் வேகம் 20. ஆகவே முதலில் மழை தூறும், மறுகணமே வெயில் அதை அழித்துவிடும். எல்லா இடத்திலும் வேகம் வெல்லும் இவ்வாட்டத்தில், வானிலைப் போட்டியில் மட்டும் ஆமையே முயலை வெல்கிறது!

இதற்கு மாற்று வழி பொறுமை. பெலிப்பரை முதலில் இறக்காமல் பின்னே வைத்திருக்க வேண்டும். டார்கோல் வந்து வெயிலைப் பரப்பிய பின் பெலிப்பரை மாற்றி இறக்கினால், கடைசியாக வந்தவர் பெலிப்பரே ஆவார்.

ஓர் எடுத்துக்காட்டு ஆட்டம்

நம் நால்வர் கிங்டிரா, ரைச்சு, பெலிப்பர், ஆர்ச்சலூடான் என்க. எதிராளி டார்கோலையும் வீனசாரையும் முதலில் இறக்குகிறார். வீனசார் புல் இனத்தது. வெயிலில் வேகம் இரட்டிப்பாகும் சில உயிரினங்களுள் ஒன்று. திரட்ட வேண்டிய 'சூரியக்கதிர்' வித்தையை அது வெயிலில் உடனே ஏவும். டார்கோலின் நெருப்போ வெயிலில் ஒன்றரை மடங்கு. இது பெயர் பெற்ற வெயில் இணை.

நாம் கிங்டிராவையும் ரைச்சுவையும் முதலில் நிறுத்துகிறோம். முதற்சுற்றில் ரைச்சுவைப் பின்னே அழைத்துப் பெலிப்பரை இறக்குகிறோம். மாற்றம் தாக்குதலுக்கு முன்பே நடப்பதால், எவரும் கை ஓங்குமுன் மழை தொடங்கிவிடுகிறது. அந்த ஒரே கணத்தில் நான்கு காரியங்கள் நிகழ்கின்றன. வீனசாரின் இரட்டை வேகம் போய்விடுகிறது. அதன் சூரியக்கதிர் உடனே பாயாமல் ஒரு சுற்று காத்திருக்க வேண்டியதாகிறது; மழையில் அதன் வலிமையும் பாதியே. டார்கோலின் நெருப்பு ஒன்றரையிலிருந்து அரையாக விழுகிறது. கிங்டிராவின் வேகம் இரட்டிப்பாகிறது.

இப்போது கிங்டிரா அச்சுற்றிலேயே டார்கோலை நீரால் தாக்குகிறது. நெருப்பு இனத்தின் மேல் நீர் இரு மடங்கு, மழையால் ஒன்றரை மடங்கு. பெருக்கினால் மூன்று மடங்கு. எதிராளி இதை முன்னரே ஊகித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் வித்தையைப் போட்டிருந்தால் டார்கோல் அச்சுற்றில் தப்பும். ஆனாலும் வெயில் போனது போனதே. மீண்டும் வெயில் வேண்டுமானால் டார்கோலைப் பின்னே அழைத்து மறுபடி இறக்க வேண்டும். அதற்குள் நமக்குச் சுற்றுகள் கிடைக்கின்றன.

இனிப் பெலிப்பர் என்ன செய்ய வேண்டும்? இங்கேதான் நல்ல ஆட்டக்காரரும் சாதாரண ஆட்டக்காரரும் பிரிகின்றனர். சாதாரண ஆட்டக்காரர் பெலிப்பரைக் களத்திலேயே நிறுத்தித் தாக்கச் செய்வார். அதுவும் விரைவில் விழுந்துவிடும். ஐந்து சுற்று கழிந்ததும் மழை ஓயும். பிறகு மழை கொணர எவருமில்லை. நல்ல ஆட்டக்காரரோ பின்காற்றை வீசச் செய்துவிட்டு, அதைப் பத்திரமாகப் பின்னே அழைத்து ஆர்ச்சலூடானை இறக்குவார். மழை ஓயும் நேரத்தில் அல்லது டார்கோல் திரும்பிவந்த பின், மீண்டும் பெலிப்பரை இறக்குவார். பின்னே உயிரோடு காத்திருக்கும் பெலிப்பர்தான் அடுத்த மழை!

துணைவனைக் காக்கும் வழி

பெலிப்பர் நீரும் பறவையும் கலந்த இனம். மின்சாரம் நீரை இரு மடங்கு தாக்கும், பறவையையும் இரு மடங்கு தாக்கும். ஆகவே பெலிப்பருக்கு மின்னல் நான்கு மடங்கு. ஓர் அடியிலேயே விழக்கூடும். எனவே அதைக் காக்க மூன்று வழிகளைச் சொல்லலாம்.

முதல் வழி கைப்பொருள். முழு நலத்துடன் இருக்கும்போது எத்துணைப் பெரிய அடி பட்டாலும் ஒரு புள்ளி உயிரோடு நிற்கச் செய்யும் கச்சை ஒன்று உண்டு. ஆனால் ஒருவர் ஒரு பொருளையே வைத்துக்கொள்ளலாம். கச்சையை வைத்தால் ஈரக்கல் இல்லை. நீண்ட மழையா, ஓர் அடியைத் தாங்கும் உறுதியா என்பதை எதிராளியைப் பொறுத்துத் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாம் வழி தோழனின் காவல். சில பிகாச்சுவுக்கும் ரைச்சுவுக்கும் 'இடிதாங்கி' என்னும் இயல்பு உண்டு. நம் கோயில் கோபுரத்தின் உச்சியில் உள்ள இடிதாங்கியைப் போலவே, பெலிப்பரை நோக்கி வரும் மின்னலைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அதற்கோ ஒரு துன்பமும் நேராது. 2016ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த உலகப் போட்டியில் வென்ற அமெரிக்கர் உல்ஃப் கிளிக்கின் குழுவில், மழை கொணரும் கியோகரோடு ஒரு ரைச்சுவும் இருந்தது. 670 புள்ளி மாவீரனுக்கும் மின்னலை ஏற்க ஒரு சிறு தோழன் வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் இடிதாங்கி நண்பனின் மின்னலையும் இழுத்துவிடும். ஆகவே ரைச்சுவையும் மின்பாய்ச்சல் செய்யும் ஆர்ச்சலூடானையும் ஒரே நேரத்தில் அருகருகே நிறுத்தலாகாது.

மூன்றாம் வழி, தாக்குதலைத் தன் மேல் திருப்பிக்கொள்ளும் தோழனைச் சேர்த்தல். 2014ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் சேஜுன் பார்க், பச்சிரிசு என்னும் அணிலைக் கொண்டுவந்தார். அதன் மொத்தப் புள்ளிகள் 405 மட்டுமே. அந்த அணில் எதிராளியின் அடிகளைத் தன் பக்கம் திருப்பி ஏற்றுக்கொண்டது. அதன் மறைவில் தோழர்கள் தம் வேலையைச் செய்தனர். சேஜுன் பார்க்கே உலக வாகை சூடினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணிலுக்கென்று சரணாலயமே வைத்திருக்கும் நாம் இதைக் கேட்டுப் பெருமைப்படலாம் அன்றோ!

இதில் கற்கும் பாடம்

ஆட்டம் முடிந்த பின், கடைசி அடி அடித்த கிங்டிராவையே எல்லாரும் பேசுவர். மழை கொணர்ந்த கூழைக்கடாவை எவரும் நினைப்பதில்லை. அது அடித்த அடிகளை மட்டும் எண்ணினால் கணக்கு மிகச் சிறியதே. ஆனால் மழையில் மற்றவர் நீரால் அடித்த ஒவ்வோர் அடியிலும் மூன்றில் ஒரு பங்கு அது கொணர்ந்த மழையினுடையது. 120இல் 40 யாருடையது என்று கேட்டுப் பார்த்தால் விளங்கும்.

விவிலியத்தில் விடுதலைப் பயண நூலில் இதற்கொப்ப ஒரு நிகழ்ச்சி உண்டு. யோசுவா அமலேக்கியரோடு போரிட்டார். மோசே குன்றின் உச்சியில் கைகளை உயர்த்தி நின்றார். கை உயர்ந்திருந்தபோது இஸ்ரயேலர் வென்றனர், தாழ்ந்தபோது அமலேக்கியர் வென்றனர். மோசே வாளெடுக்கவில்லை, எனினும் போரின் போக்கு அவர் கைகளைப் பொறுத்திருந்தது. அக்கைகள் தளர்ந்தபோது ஆரோனும் கூரும் அவரை ஒரு கல்லின் மேல் அமர்த்தி, கதிரவன் மறையும்வரை இருபுறமும் நின்று கைகளைத் தாங்கினர். போரிட்டவர் ஒருவர், அவருக்குத் துணை ஒருவர், அத்துணைக்கும் துணை இருவர்! பெலிப்பரைக் காக்கும் ரைச்சுவின் இடம் ஆரோனின் இடமே.

கூழைக்கடா திருச்சபைக்கும் புதியதன்று. அப்பறவை தன் மார்பைக் கீறி, இரத்தத்தால் குஞ்சுகளுக்கு உயிர் கொடுக்கும் என்று முற்கால ஐரோப்பியர் நம்பினர். இயற்கையில் அது அப்படிச் செய்வதில்லை. எனினும் தம்மையே நமக்கு உணவாகத் தந்த கிறிஸ்துவின் அடையாளமாக, பழைய ஆலயங்களின் பீடங்களிலும் கண்ணாடிச் சாளரங்களிலும் அவ்வுருவத்தை அமைத்தனர். புனித தாமஸ் அக்குவினாஸ் இயற்றியதாகச் சொல்லப்படும் நற்கருணைக் கீதத்திலும் ஆண்டவர் கூழைக்கடாவாக விளிக்கப்படுகிறார்.

பிறருக்காகத் தம்மைத் தருவோரைப் போற்றிக் கட்டுரை எழுதுவது எளிது. அவர்களைக் களைத்து விழும்வரை களத்திலேயே நிறுத்திவைப்பதும் நமக்கு எளிதாகவே இருக்கிறது. விடியுமுன் எழுந்து சமைத்து, நம்மைப் பள்ளிக்கு அனுப்பி, பின் தாமும் வேலைக்குச் செல்லும் அன்னையர் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்கள் பெய்யும் மழையில்தான் நம் மதிப்பெண்கள் விளைகின்றன. அவர்களைச் சற்றே அமரச் சொல்லி அந்த வேலையை நாம் ஒரு சுற்று ஏற்றுக்கொண்டால், அதுவே பெலிப்பரைப் பின்னே அழைத்தலாகும். தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும், மாலையில் பாத்திரம் துலக்கி வைப்பதும் சிறிய இடிதாங்கிகளே.

பள்ளியிலும் அவ்வாறே. எறிபந்துக் குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது வலுவாக எறிபவர்களையே முதலில் அழைக்கிறோம். தவறவிட்டவளைத் தட்டிக்கொடுத்து அடுத்த பந்துக்குத் தயாராக்குபவளும் குழுவுக்கு வேண்டும். நாடகத்தில் திரைக்குப் பின்னே நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவளும் வேண்டும். பரிசளிப்பு விழாவில் அவர்கள் பெயர் வாசிக்கப்படாமல் போகலாம். ஆனால் வென்ற குழுவுக்கு அவர்கள் யார் என்று தெரியும்.

முடிவுரை

இவ்வாட்டத்துக்குரிய கருவி எல்லார் வீட்டிலும் இராது. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. இதிலுள்ள கணக்கையும் உபாயத்தையும் ஒரு கரும்பலகையும் சாக்பீசும் கொண்டு போட்டுப் பார்க்கலாம். கருவி இருப்பவர்களும் பாடவேளையையும் உறக்கத்தையும் அதற்குப் பலியிடாமல், விடுமுறையில் அளவோடு ஆடுதல் நன்று. மழைக்கே ஐந்து சுற்று என்று எல்லை வகுத்த விளையாட்டு, நம் பொழுதுபோக்குக்கும் எல்லை வேண்டும் என்று சொல்லாமல் சொல்கிறது.

மழை கொணர்பவரைத் தேர்ந்தெடுங்கள். மழை வருமுன் கண்மாயைத் தூர் வாரி வையுங்கள். மழை கொணர்ந்தவர் களைத்துப்போகுமுன் அவருக்கு ஓய்வு கொடுங்கள். இம்மூன்றும் தெரிந்த குழு ஆட்டத்திலும் வீட்டிலும் பள்ளியிலும் எளிதில் தோற்காது எனக் கூறி, இக்கட்டுரையை நிறைவு செய்கின்றேன்.